குவித்த மண்ணும் குடியானவர் உரிமையும்

சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளும் பூமியை, கனிப்பொருள் தீர்ந்த பிறகு மறுபடியும் விளைபூமியாக்கித் தருவோம் என்னும் வாக்குறுதி நம் நாட்டில் இப்பொழுது சர்வ சாதாரணமாகிவிட்டது. கம்பெனிகளின் திட்ட அறிக்கைகளில் அது தவறாமல் இடம்பெறுகிறது. பொதுஜன அபிப்பிராயம் கேட்கும் கூட்டங்களில் அது எடுத்துரைக்கப்படுகிறது. பூமியை இழக்கப்போகும் குடியானவரும் வேறு வழியின்றி அதை நம்பித் தலையசைக்கிறார். இந்த வாக்குறுதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, தோண்டுவதற்கு முன்னால் வழித்தெடுத்து ஒரு பக்கமாகக் குவித்து வைக்கப்படும் மேல்மண்ணாகும். மண் பத்திரமாக இருக்கிறது, ஆகவே நிலமும் பத்திரமாகத் திரும்பும் என்பது அவர்கள் வாதம். குவியல் இருப்பதால் மாத்திரம் வயல் இருப்பதாக ஆகிவிடாது என்பது நமது வாதம். குவித்த மண்ணைக் காலாகாலத்தில் பரிசோதித்து, அந்த முடிவைக் குடியானவர் கையில் கொடுத்தாலொழிய, இந்த வாக்குறுதிக்கு எழுதிய காகிதத்தின் மதிப்புக்கூடக் கிடையாது.

இவ்விஷயம் ஏதோ தூரதேசத்துச் சமாசாரம் என்று சேலம் ஜில்லாவாசிகள் எண்ணிவிடலாகாது. ஜலகண்டாபுரத்தை நடுவாக வைத்து நாற்புறமும் பார்த்தால் போதும். கிழக்கே சேலத்தை நெருங்கும்போது கருப்பூர், மாமாங்கம் பக்கங்களில் வெள்ளை வெளேரென்று தெரிபவை வெள்ளைக்கல் சுரங்கங்களின் கழிவுக் குன்றுகள். தெற்கே சங்ககிரி வட்டாரத்தில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டு வந்திருக்கிறது. வடமேற்கே மேட்டூரில் இயங்கிய அலுமினியத் தொழிற்சாலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் தோண்டினார்கள். தென்கிழக்கே கஞ்சமலையில் இரும்புத் தாது கிடப்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அதை வெட்டும் யோசனை எழுந்தபோதெல்லாம் சுற்றுக் கிராமங்களில் எதிர்ப்பும் எழுந்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே நிலக்கடலையும் சோளமும் பருத்தியும் மரவள்ளியும் பயிரிட்டு, மழையையும் கிணற்றையும் நம்பிக் காலந்தள்ளும் செம்மண் பூமி இது. இன்று தப்பியிருக்கும் நிலத்துக்கு நாளை என்ன நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் குவித்த மண்ணின் தராதரத்தை அறிந்துவைத்துக்கொள்வது இப்பிரதேசத்தாருக்கு அவசியமாகிறது.

இதன் மூலதத்துவத்தை நம் குடியானவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கிணறு வெட்டியறியாத குடும்பம் இந்தச் சீமையில் அபூர்வம். கிணறு வெட்டும்போது முதலில் வரும் ஓர் அடி மண் வேறு; அதன் கீழே வரும் சுக்கானும் சரளையும் வேறு. கிணற்றங்கரையில் கொட்டிய கீழ்மண் மேட்டில் வருஷக்கணக்காகப் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். நல்ல மண்ணையே இடம் மாற்றினாலும் அது உடனே வயலாகிவிடுவதில்லை. ஏரி வண்டலை அடித்து, ஆட்டுக்கிடை போட்டு, கொளிஞ்சியோ சணப்பையோ விதைத்து மடக்கி உழுது, ஒன்றிரண்டு மழை குடிக்கவிட்ட பிறகே அது பயிருக்குப் பழகுகிறது. அனுபவத்தால் அறிந்த இந்த உண்மையைத்தான் இன்றைய விஞ்ஞானம் அளந்து காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று முதலில் பார்ப்போம். 1988-ஆம் வருஷத்துக் கனிமப் பாதுகாப்பு, அபிவிருத்தி விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருஷத்து விதிகளிலும், சுரங்கம் தோண்டுகிறவர் மேல்மண்ணைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும், அதை நிலத்தைச் சீராக்குவதற்கே உபயோகிக்க வேண்டும், உடனே உபயோகிக்க இயலாவிடில் தனியாகச் சேமித்துவைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரிக்கும், சாதாரணக் கல், கிராவல் முதலிய சிறு கனிமங்களுக்கும் வேறு விதிகள் இருக்கின்றன. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, வெட்டி முடிந்த சுரங்க நிலத்தில் மறுபடியும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் பிராணிகளும் வாழத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கும்படி மத்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் மேல்மண்ணை எத்தனை அடி உயரத்துக்குக் குவிக்கலாம், எத்தனை வருஷம் வைத்திருக்கலாம், திரும்பப் பரப்பும் நாளில் அது எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பவற்றை மேற்சொன்ன விதியின் வாசகம் வரையறுக்கவில்லை. மண்ணைச் சேமி என்று சொல்லிவிட்டு, அதன் தரத்தைக் கேளாமல் விடுவது, தானியத்தைக் குதிரில் கொட்டிவிட்டுப் பத்து வருஷம் திறந்து பாராதிருப்பதை ஒக்கும்.

குவியலுக்குள் நடப்பது என்ன? விளைநிலத்தின் மேல்மண் ஒரு ஜீவப் பிராந்தியம். மண்புழுவும், கோடானுகோடி நுண்ணுயிர்களும், வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும் பூஞ்சணங்களும், அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் புல்பூண்டுகளின் விதைகளும் அதில் அடங்கியிருக்கின்றன. இவற்றுக்குக் காற்றும் வேரும் வேண்டும். பெரிய யந்திரங்களைக் கொண்டு மண்ணை வழித்து, அதே யந்திரங்களைக் குவியலின்மேல் ஏற்றி மிதித்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிவிட்டால், மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் கீழே காற்றுப் புகுவது அரிதாகிவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் புழுக்கள் மடிகின்றன. விதைகள் முளைக்கும் திறனை இழக்கின்றன. பற்றிக்கொள்ள வேர் இல்லாததால் பூஞ்சணம் நாளடைவில் அழிகிறது. மண்ணுக்குப் பொலபொலப்பைக் கொடுக்கும் சிறு கட்டிகள் நொறுங்குகின்றன. வருஷங்கள் கூடக்கூட அங்ககக் கரிமம் குறைகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அதே சிவந்த மண்தான். உள்ளே அது பாதி இறந்த மண்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. காற்றில்லாத குவியலின் நடுவில் தழைச்சத்து அம்மோனிய ரூபத்தில் சேர்ந்து நிற்கிறது. மண்ணைப் பரப்பிய அன்றே மாதிரி எடுத்துச் சோதித்தால் தழைச்சத்து தாராளமாக இருப்பதாக முடிவு வரும், அதிகாரிகள் திருப்தியடைவார்கள். ஆனால் காற்றுப் பட்டவுடன் அது நைட்ரேட்டாக மாறி, முதல் இரண்டு மழைகளில் கரைந்து போய்விடுகிறது. அடுத்த வருஷம் விதைக்கிற குடியானவருக்கு வெறும் மண் மிஞ்சுகிறது. ஒரே ஒரு நாள் செய்யும் பரிசோதனை உண்மையைக் கூறாமல் போவதோடு, பொய்க்குச் சாட்சியாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? 2015 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மண்வள அட்டைத் திட்டத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். தழை, மணி, சாம்பல் சத்துக்கள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று 12 அம்சங்களை அந்த அட்டை காட்டுகிறது. உழுது பயிரிட்டு வரும் வயலுக்கு எத்தனை உரம் இடலாம் என்று தீர்மானிக்க இது மிகவும் பிரயோஜனப்படும். ஆனால் பத்து வருஷம் குவியலாய்க் கிடந்த மண் மறுபடியும் வயலாகுமா என்ற கேள்விக்கு இந்த 12 அம்சங்கள் மட்டும் விடை தரமாட்டா. மண்ணின் இறுக்கத்தை அவை காட்டுவதில்லை. ஒரு கன சென்டிமீட்டர் செம்மண் 1.3 முதல் 1.5 கிராம் வரை இருந்தால் வேர் சுகமாக இறங்கும். யந்திரம் மிதித்து 1.7-ஐத் தாண்டிவிட்டால், சத்து எத்தனை இருந்தாலும் வேர் திணறும், மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். நுண்ணுயிர்களின் நிலையையும், நீர் பிடிக்கும் சக்தியையும் அந்த அட்டை சொல்லுவதில்லை.

மாதிரி எடுக்கும் முறையும் இங்கே மாற வேண்டும். வயலில் மாதிரி எடுக்க ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் அரையடிக் குழி வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். அதே முறையைக் குவியலின் மேற்பரப்பில் கையாண்டால், வெயிலும் காற்றும் பட்டுப் புல் முளைத்திருக்கும் தோலைத்தான் சோதித்ததாகும். துளைக்கருவியை நடுவயிறுவரை இறக்கி, மேலும் நடுவிலும் அடியிலுமாகத் தனித்தனியே மண் எடுக்க வேண்டும். அவற்றைக் கலந்துவிடாமல் தனித்தனியே சோதிக்கவும் வேண்டும். நல்ல மேற்பரப்பையும் கெட்ட அடிப்பாகத்தையும் கலந்து சராசரி காட்டுவது குடியானவரை ஏமாற்றுவதற்கே உதவும்.

சேலத்து வெள்ளைக்கல் பூமிக்கு விசேஷமான எச்சரிக்கை ஒன்று தேவை. அங்கே வெள்ளைக்கல் எனப்படும் மாக்னஸைட், டூனைட் என்னும் கரும்பச்சைப் பாறையினூடே நரம்பு நரம்பாக ஓடுகிறது. எஃகு உலைகளுக்கு வேண்டிய தீச்செங்கலுக்கு இது இன்றியமையாதது; நூறு வருஷங்களுக்கு மேலாக இங்கே வெட்டப்பட்டு வந்திருக்கிறது. வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி கழிவுக்கல்லாகவே குவிகிறது. இவ்வகைப் பாறையிலிருந்து உண்டாகும் மண்ணில் மக்னீசியம் மிகுந்தும் சுண்ணாம்புச்சத்து குறைந்தும் இருக்கும். குரோமியமும் நிக்கலும் இருக்கக்கூடும். முன்கூறிய 12 அம்சங்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. மேல்மண்ணுடன் கழிவுக்கல் பொடி கலந்துவிட்டால், சாதாரண அட்டையில் எல்லாம் சரியாயிருப்பதாகத் தோன்றியும் பயிர் மஞ்சளித்து நிற்கும். காரணம் தெரியாமல் குடியானவர் உரத்துக்குமேல் உரம் வாங்கிக் கடனாளியாவார். மேலும், இச்சுரங்கங்களில் பெரும்பான்மை மேல்மண்ணைப் பற்றிய விதி பிறப்பதற்கு முன்னமே தோண்டப்பட்டவை. சேமித்த மண்ணே இல்லாத இடத்தில் வயலை மீட்போம் என்று சொல்லுவது அசாத்தியமான காரியத்தை வாக்களிப்பதாகும். அங்கே மரமும் புல்லும் வளர்ப்பதோடு திருப்தியடைய வேண்டியிருக்கும். இதையும் ஒளிக்காமல் சொல்லுவதே யோக்கியமான பரிசோதனையின் லக்ஷணம். பரிசோதனை என்றால் ‘ஆம்’ என்று சொல்லுவதற்கு எவ்வளவு உரிமை உண்டோ, ‘இல்லை’ என்று சொல்லுவதற்கும் அவ்வளவு உரிமை இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் பெரிய அனுபவம் நெய்வேலியினுடையது. 1956-இல் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, 1957-இல் பண்டித நேருவால் சுரங்க வேலை ஆரம்பிக்கப்பட்டது. பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு அங்கே பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல்பாரத்தை அகற்ற வேண்டியிருக்கிறது. அகற்றிய மண்ணையும் மணற்கல்லையும் கொண்டு பழைய குழியை நிரப்பி, தொழு உரமும் பசுந்தாளும் உயிர் உரங்களும் இட்டு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சித் துணையுடன் நெல் முதலிய பயிர்களையும் மரங்களையும் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். மனிதப் பிரயத்தனத்தால் நிலம் ஓரளவு மீளும் என்பதற்கு இது அத்தாட்சி. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் கம்பெனி தன் பண்ணையில், தன் செலவில், தன் நிபுணர்களைக் கொண்டு விளைவிப்பது வேறு. இரண்டு ஏக்கர்க் குடியானவர் தம் கைப்பொருளைக்கொண்டு விளைவிப்பது வேறு. ஸ்வாதீனம் செய்த பூமி சட்டப்படி கம்பெனியின் சொத்தாகிவிடுகிறது. ஆகவே மீண்ட நிலத்தின் பலன் இழந்தவனுக்குப் போய்ச் சேருமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் யந்திரங்கள் ஏற்றப்பட்டதைத் தமிழ்நாடு முழுவதும் கண்டு மனம் பதறியது. அந்நிலங்கள் முன்னமே ஸ்வாதீனம் செய்யப்பட்டவை என்பது கம்பெனியின் பதில். சென்னை ஹைகோர்ட்டு, சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பயிருக்கு விலை கணக்கிடப்பட்டது. அந்தப் பயிரை விளைவித்த மண்ணின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கணக்கு எவ்வளவு பெரிதென்று பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்து மேல்மண் என்றால் சுமார் 1,230 கன மீட்டர். எடையில் அது 1,600 டன்னுக்குக் குறையாது. செங்கல் சூளைக்கும் மனைமேடு நிரப்புவதற்கும் மண்ணுக்கு விலை இருக்கும் இக்காலத்தில், இத்தனை மண் பத்து வருஷம் காவலின்றிக் கிடந்து அப்படியே மிஞ்சும் என்று நம்புவதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும். ஆகவே தரத்தின் பரிசோதனையோடு அளவின் பரிசோதனையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

பிற தேசத்தார் இதை எப்படி நடத்துகிறார்கள்? அமெரிக்காவில் 1977-இல் இயற்றிய நிலக்கரிச் சுரங்கச் சட்டப்படி, சிறந்த விளைபூமியைத் தோண்டுகிறவர் மேல்மண்ணையும் அதன் கீழ்மண்ணையும் தனித்தனியே எடுத்துவைத்து, நான்கடி ஆழம் வரையில் முறைப்படி திரும்பப் பரப்ப வேண்டும். அவர் கட்டிய ஜாமீன் தொகை மண்ணைப் பரப்பிய உடனே திரும்பக் கிடைத்துவிடாது. அந்நிலத்தில் பயிர் செய்து, குறைந்தது மூன்று சாகுபடி வருஷங்களின் மகசூலை அக்கம்பக்கத்துத் தோண்டாத நிலத்தின் மகசூலோடு ஒப்பிட்டு, சமம் என்று ருஜுவான பிறகே அது விடுவிக்கப்படும். அத்தேசத்து ஏற்பாடுகள் யாவும் மாசற்றவை என்று நாம் சொல்லவில்லை. கடைசிப் பரிசோதனைச்சாலை வயல்தான், கடைசிச் சாட்சி மகசூல்தான் என்ற அந்தத் தத்துவம் நமக்கும் ஏற்றதே.

இதற்கு ஆட்சேபம் கிளம்பும் என்பதை அறிவோம். தேசத்துக்கு மின்சாரம் வேண்டாமா, எஃகு வேண்டாமா, சிமெண்டு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சுதேசத் தொழில் ஓங்க வேண்டும் என்பதில் நாம் யாருக்கும் பின்னடைந்தவர்களல்லர். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார மேதையும் காந்தியடிகளின் சகாவுமான ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா, வெட்ட வெட்டத் தீர்ந்துபோகும் கனிப்பொருளையும், போற்றினால் என்றென்றும் பலன் தரும் இயற்கைச் செல்வத்தையும் வேறு பிரித்துக் காட்டியிருக்கிறார். தீரும் செல்வத்துக்காகத் தீராச் செல்வத்தை ஒரேயடியாகப் பலியிடுவது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. பரிசோதனைக்குச் செலவாகுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். மலையை உடைக்கும் யந்திரத்துக்குச் செலவிடத் தயங்காதவர்கள், மண்ணைச் சோதிக்கும் செலவைக் கண்டு மலைப்பது விநோதமே. அந்தச் செலவு தொழிலின் செலவில் ஒரு பகுதி. அதைக் குடியானவரின் தலையில் கட்டுவது அநியாயம்.

நமது யோசனைகள் இவை. முதலாவதாக, மண்வெட்டி விழுவதற்கு முன்பே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் மேல்மண்ணின் ஆழம், தரம், இறுக்கம், வழக்கமான மகசூல் ஆகியவற்றைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். முதல் கணக்கு இல்லாவிடில் பின்னால் எதனோடு ஒப்பிடுவது? இரண்டாவதாக, குவியலின் உயரத்துக்கு வரம்பு கட்டி, அதன்மேல் பயறு வகைகளோ புல்லோ விதைத்து வேர் ஓடச் செய்து, வருஷத்துக்கு ஒரு முறை நடுவயிற்று மண்ணைச் சோதிக்க வேண்டும். கூடுமான இடங்களில் குவிக்காமலே, வெட்டி முடிந்த பகுதியில் உடனுக்குடன் பரப்பிவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். மூன்றாவதாக, பரப்பிய அன்றும், ஒரு மழைக்காலம் கழித்தும், அதன் பிறகு மூன்று சாகுபடி வரையிலும் சோதனை தொடர வேண்டும். உத்தரவாதத் தொகை அதுவரை சர்க்கார் வசமே இருக்க வேண்டும். நான்காவதாக, மாதிரி எடுப்பது கம்பெனியின் சிப்பந்திகளாக இருக்கலாகாது. சேலத்து மண் பரிசோதனை நிலையத்தாரும் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரும் போன்ற பொது ஸ்தாபனத்தார், நிலத்துக்கு உரியவர்களை எதிரில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரு பங்கு மண்ணை முத்திரையிட்டுக் கிராமத்தார் வசம் ஒப்புவிக்க வேண்டும். முடிவைத் தெளிந்த தமிழில் எழுதி ஊராட்சி மன்றத்தில் ஒட்ட வேண்டும். ஐந்தாவதாக, மீண்ட பூமியில் முதல் பாத்தியதை இழந்தவர்களுக்கே என்று சட்டம் செய்ய வேண்டும்.

இவை தாமாக நடந்துவிடுமென்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. ஊர்தோறும் இருக்கும் ஊழியர்கள் இதைக் கையிலெடுத்துக்கொள்ள வேண்டும். 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, அபிப்பிராயக் கூட்டத்துக்கு முன்னால் திட்ட அறிக்கையின் சுருக்கம் ஜனங்களின் பாஷையில் கிடைத்தாக வேண்டும். அதை வாங்கி, மேல்மண்ணைப் பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள். எத்தனை கன மீட்டர், எத்தனை உயரம், எத்தனை வருஷம், யார் சோதிப்பது என்ற நான்கு கேள்விகளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஜலகண்டாபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிராம சபை கூடும் நாட்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சுரங்கம் வராத ஊரிலும் தங்கள் மண்ணின் இன்றைய கணக்கை எழுதி வைத்துக்கொள்வது நஷ்டமாகாது.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் பெரியோர் வேடிக்கையாகச் சொன்னார்கள். அது விளைச்சலின் கணக்கு. மண்ணின் கணக்கை உழுகிறவன் பாராதிருந்தால், உழுவதற்கு மண்ணே மிஞ்சாது.